உயிரோடிருப்பவருக்கு ஒரு கல்வெட்டு

மக்டலினுக்குக் கோபம் வந்தால் முதலில் அறிவது குசினிதான். சட்டி சத்தம் போடும், அகப்பை சத்தம் போடும், ஒரு குற்றமும் செய்யாத அடுப்பு ஊதாங்குழலால் நாலு குத்து வாங்கும். அன்றைக்கு அவள் மரவள்ளிக்கிழங்கு உரித்த வேகத்தைக் கண்டிருந்தால் லெஸ்லி பாட்டை நிறுத்திவிட்டுப் படலையைத் திறந்துகொண்டு ஓடியிருப்பான். அவன் காணவில்லை. முற்றத்தில் பிணத்துக்கு விரிப்பதுபோல வெள்ளை வேட்டியை விரித்து, கண்ணை மூடிக்கொண்டு, தன்னுடைய பெரியப்பாவின் சாவைப் பாடிக்கொண்டிருந்தான். பெரியப்பா தம்பிராசா அவனுக்கு முன்னால் கதிரையில் உயிரோடு இருந்தார்.

இந்த விளையாட்டு எப்படித் தொடங்கியது என்று சொல்லாவிட்டால் மக்டலினைப் பொல்லாத மனிசி என்று நினைத்துவிடுவீர்கள். கொஞ்சம் பொல்லாதவள்தான். அது வேறு கதை.

தம்பிராசா திருகோணமலை டொக்யாட்டில், கப்பல் கயிறும் சங்கிலியும் அடுக்கிவைக்கிற களஞ்சியத்தில் வேலை பார்த்துப் பென்சன் எடுத்தவர். அது வயிற்றுப்பாட்டுக்கு. ஊருக்கு அவரைத் தெரிந்தது கல்வெட்டுக்காரராகத்தான். கல்வெட்டென்றால் உளிபிடிக்கிற வேலை இல்லை. ஒருவர் செத்து முப்பத்தோராம் நாள் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு அச்சடித்துக் கொடுக்கிற பாட்டுப் புத்தகம். செத்தவருடைய ஊர், குணம், கண்மூடிய திதி எல்லாம் முன்பக்கத்தில் வெண்பாவாக வரும். அதற்குப் பிறகு புலம்பல். மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல் என்று வீட்டில் உள்ள ஒவ்வொரு வாய்க்கும் ஒரு பாட்டு. அத்தனை வாய்க்கும் சொல் கொடுக்கிறவர் தம்பிராசா ஒருவர்தான்.

மனிதர் வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர், ஞாயிற்றுப் பூசை தவறாதவர். ஆனாலும் அலுமாரியில் வேதப்புத்தகத்துக்குப் பக்கத்தில் பஞ்சாங்கம் இருக்கும். அச்சடிக்கிறவர் கடைத்தெரு ஸெய்னுதீன். செத்தவர் சைவம், பாட்டு வேதம், அச்சு இஸ்லாம், இதைவிட என்ன ஒற்றுமை வேணும் என்று கடைக்கு வருகிற எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி, தானே முதலில் சிரிப்பார்.

போன மாரியில் தம்பிராசாவுக்குப் பாரிசவாதம் அடித்தது. வலது கையும் காலும் போயின, நாக்கும் புரளவில்லை. கிண்ணியாவிலிருந்து தாஹிர் பரியாரியார் வந்து எண்ணெய் போட்டுப் பிடித்துப் பிடித்து, காலில் கொஞ்சம் உயிர் வந்தது. நாக்கும் அசையத் தொடங்கிய நேரத்தில்தான் அந்தக் கெட்டநேரம் படலையைத் திறந்தது. கட்டைபறிச்சானிலிருந்து லோஞ்சுப் படகில் ஒரு குடும்பம் வந்திறங்கியது. தகப்பன் செத்துவிட்டார், கல்வெட்டு வேணும். தம்பிராசாவுக்கு வாதம் அடித்த செய்தி கொட்டியாரக் குடாவைத் தாண்டி அவர்களிடம் போய்ச்சேரவில்லை. செத்தவரின் பேரைக் கேட்க இவர் வாயைத் திறந்தார். கன்று கத்துவதுபோல ஒரு சத்தம் வந்தது. வந்தவர்களோடு நின்ற குஞ்சுப்பெட்டை ஒன்று கலகலவென்று சிரித்துவிட்டது. சின்னப்பிள்ளை, அதற்கு என்ன தெரியும்? ஆனால் சொல்லால் வாழ்ந்த மனிதருக்கு அது போதுமாக இருந்தது. அன்றைக்கு மூடிய வாய்தான். கதைக்கவும் திறக்கவில்லை, சாப்பாட்டுக்கும் பெண்சாதி மக்டலின் கெஞ்சிக் கூத்தாடினால் நாலு வாய், அதற்குமேல் முகத்தைச் சுவருக்குத் திருப்பிவிடுவார்.

தாஹிர் பரியாரியார் ஒருநாள் கையைக் கழுவிக்கொண்டே மக்டலினைத் தனியே கூப்பிட்டார்.

"நாக்கு சாகல்ல, தங்கச்சி. மனிசன்தான் பூட்டுப் போட்டு வெச்சிருக்கிறார். இப்பிடியே விட்டா நாக்கு கதைக்கிற பழக்கத்தையே மறந்துபோகும். பிறகு என்ட எண்ணெயால ஒரு புண்ணியமும் இல்ல. எப்பிடியாவது வாயைத் திறக்கப் பண்ணுங்க."

எப்படிப் பண்ணுவது? மக்டலின் செய்யாததில்லை. அது எழுபத்துநாலாம் ஆண்டு. அரிசிக்கும் மாவுக்கும் பஞ்சம், ஊரே மரவள்ளிக்கிழங்கில் உயிர் தப்பி நின்ற காலம். விடியக் கிழங்கவித்து, செத்தல்மிளகாய்ச் சம்பல் இடித்து, துறைமுக வாசலில் வேலைக்குப் போகிறவர்களுக்கு விற்றுவிட்டு வந்து, மனிதருக்கு எதிரில் குந்தியிருந்து ஊர்க்கதை எல்லாம் சொல்லுவாள். வேண்டுமென்றே பிழையாகச் சொல்லிப் பார்ப்பாள், திருத்தவாவது வாயைத் திறக்கட்டும் என்று. ஒரு அசுமாத்தமும் இல்லை. அந்தோனியாருக்கு நேர்த்தியும் வைத்துவிட்டாள்.

இப்படி இருக்கையில்தான் அவளுடைய தங்கச்சி மகன் லெஸ்லி வந்தான். தேயிலைக் கப்பலில் பெட்டி தூக்குகிற வின்ச் இழுக்கிறவன். வின்ச் சத்தத்துக்கு மேலால் கத்திக் கத்திக் குரல் வெண்கலமாகிவிட்டது. வருசா வருசம் வேதக்கோயிலில் யேசுவின் பாடுகளை நடிக்கிற பாஸ்குவில் பேதுரு அவன்தான். தொழிற்சங்கக் கூட்டத்துக்குக் கொழும்புக்குப் போனவன், அங்கே ஒரே ஆள் நின்று நடிக்கிற நாடகம் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து நித்திரையில்லாமல் திரிந்தான். பெரியப்பாவின் சீவியத்தை அப்படி ஒரு ஓராள் நாடகமாகப் போடவேணுமாம். கோயில் மண்டபத்தையும் கேட்டுவிட்டானாம். அவர்கள் குடியிருந்த அன்புவழிபுரத்தில் அதைக் கேட்டுச் சிரிக்காதவர் இல்லை. ஒருத்தன் மட்டும் நடிக்கிறதென்றால் மற்றவர்களுக்கு என்ன காய்ச்சலோ என்று கேட்டார்கள்.

மக்டலினும் சிரிக்கத்தான் இருந்தாள். ஆனால் முதல்நாள் ஒத்திகையில், லெஸ்லி முற்றத்தில் நின்று டொக்யாட் வெள்ளைக்காரத் துரையின் நடையை நடந்து காட்டியபோது, தம்பிராசா சுவரைப் பார்த்திருந்த முகத்தை முற்றத்துக்குத் திருப்பினார். திருப்பியவர் திருப்பியபடியே இருந்தார். அன்றைக்குக் கிழங்கும் ஒரு கோப்பை முடிந்தது. அதற்குப் பிறகு லெஸ்லி வரப் பிந்தினால் இவளே படலையடியில் போய் நின்று பார்க்கத் தொடங்கிவிட்டாள். அவனுக்கென்று மீன்பொரியல் ஒளித்துவைத்ததும் உண்டு.

இப்போது அந்த வெள்ளை வேட்டிக்கு வருவோம். நாடகத்தின் முடிவை லெஸ்லி யாருக்கும் சொல்லாமல் மனதுக்குள் வைத்திருந்தான். அதுதான் உச்சமாம். கல்வெட்டுப் பாடிய கவிஞருக்கே ஒரு கல்வெட்டு! வெண்பாவில் பெரியப்பாவின் பேரும் ஊரும் வந்தன. திதி வரவேண்டிய இடத்தில், ஆள் இன்னும் சாகாதபடியால், "தன்னனா தன்னனா" என்று போட்டு இழுத்தான். பிறகு குரலை மெலிதாக்கி, தலையில் வேட்டித்தலைப்பைப் போட்டுக்கொண்டு, மனைவி புலம்பலைத் தொடங்கினான்.

மக்டலின் குசினியிலிருந்து கிழங்குக் கத்தியோடு வெளியே வந்தாள்.

"ஆரின்ர புலம்பலடா அது?"

லெஸ்லி கண்ணைத் திறந்தான். "உங்கட புலம்பல்தான், பெரியம்மா," என்றான். இப்படியும் ஒருவன் மறுமொழி சொல்லுவானா? சொன்னான்.

"மனிசன் கண் முழிச்சுக்கொண்டு இருக்கிறார். அவருக்கு முன்னால கல்வெட்டுப் பாடுறாய். நீ என்ன பிள்ளையோ, பேயோ? அந்த வேட்டியைச் சுத்து. சுத்திக்கொண்டு போ. இனி இந்த வளவுக்குள்ள கால் வைக்கப்படாது."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். கத்தியைப் பார்த்துவிட்டுப் போய்விட்டான். அவள் திரும்பிப் பார்த்தபோது தம்பிராசாவின் முகம் மறுபடி சுவர்ப்பக்கம் போயிருந்தது. அன்றைக்கு அவர் தண்ணீருக்குக்கூட வாய் திறக்கவில்லை. அடுத்த நாளும் அப்படியே. கல்வெட்டுப் பாடப்பட்டவன் பிறகு இந்த உலகத்து ஆளில்லை என்பது மக்டலினின் எண்ணம். இந்த அறுவான் பாடித் துலைத்துவிட்டானே, இவர் அதைக் கேட்டுப் புறப்பட்டுவிட்டாரே என்று இரவெல்லாம் அவருடைய மூச்சைக் கேட்டுக்கொண்டு கிடந்தாள். சம்பல் இடிக்கிறபோது கண்ணால் தண்ணீர் வடிந்தது. மிளகாய் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் பின்னேரம் ஸெய்னுதீன் வந்தார். பின்னால், படலைக்கு வெளியே, லெஸ்லி. ஸெய்னுதீன் ஒரு பார்சல் சூடைமீனை வாசற்படியில் வைத்துவிட்டு, துண்டுப்பிரசுரம் மூதூர் வரைக்கும் ஒட்டியாயிற்று, சுவாமியாரும் பூசையில் அறிவித்துவிட்டார், இனி நிறுத்தினால் மானம் கப்பலேறும், பொடியன் செய்தது பிழைதான், பெரிய மனசு பண்ணவேணும் என்று இழுத்து இழுத்துச் சொன்னார். மக்டலின் மீனை எடுத்தாள். அதைச் சட்டியில் கொட்டிக் கத்தியைத் தேடினாள்.

"அவன் அங்க நிண்டு வேலியைப் பிடுங்காமல் உள்ளுக்கு வரச்சொல்லுங்கோ," என்றாள் கடைசியில்.

லெஸ்லி வந்து குசினி வாசலில் நின்றான். யன்னலுக்கு அந்தப் பக்கம்தான் தம்பிராசாவின் கதிரை.

"பெரியம்மா, நான் பெரியப்பா சாகவேணுமெண்டு பாடேல்ல. ஒரு மனிசன்ர சீவியத்தை நாடகமாப் போட்டா முடிவெண்டு ஒண்டு வேணும். சாவை விட்டா வேற என்ன முடிவு இருக்கு?"

"அப்ப அவர் சாகுமட்டும் பொறுத்திரு. உனக்கு என்ன அவசரம்?"

"அதுக்கில்லை..."

"முடிவு மட்டுமோ பிழை? உன்ர நாடகத்தில அவர் கடற்கரையில நிலவைப் பாத்துக்கொண்டு நிக்கிறாராம், பாட்டு அலைபோல வருதாம். ஆர் சொன்னது உனக்கு? அந்தாள் கடற்கரைக்குப் போனது மீன் வாங்க. அதுவும் நான் கலைச்சுவிட்டால்தான்."

ஸெய்னுதீனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. லெஸ்லி சிரிக்கவில்லை. "அப்ப பாட்டு எங்க வந்தது?" என்று கேட்டான்.

மக்டலின் மீனின் செதிலைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"இஞ்ச. இந்தக் குசினியில," என்றாள்.

சொல்லக்கூடாதென்று இவ்வளவு காலம் வைத்திருந்ததல்ல. ஒருவரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். கல்வெட்டுக்கு ஆள் வந்து போனபிறகு தம்பிராசா குசினிக்குள் வந்து பலகையைப் போட்டு இருப்பாராம். இவள் திருவலையில் தேங்காய் துருவிக்கொண்டிருப்பாள். செத்தவர் என்ன தொழில், பெண்சாதி எப்படிப்பட்டவள், எத்தனை பிள்ளை என்று அவர் எல்லாம் சொல்லுவார். சொல்லிவிட்டுக் கேட்பார், "மக்டலின், நான் போயிட்டா நீ என்ன சொல்லுவாய்?" முதல்தரம் அப்படிக் கேட்டபோது அகப்பையால் எறிந்தாளாம். பிறகு பிறகு பழகிவிட்டது. அந்தப் பெண்ணாகத் தன்னை நினைத்துக்கொள்வாள், வாயில் வந்ததைச் சொல்லுவாள். அவர் அதை எடுத்துக்கொண்டு போய் எதுகை மோனை வைத்துத் தைத்துவிடுவார். டொக்யாட் கங்காணியார் செத்தபோது, விடியப்பறம் தண்ணி கொதிக்குது, குடிக்க ஆளைக் கூப்பிடப் போய்த்தான் நினைவு வந்தது என்று இவள் சொன்னாள். அது இப்படிப் போயிற்று:

*விடியுமுன் வைத்த வெந்நீர் கொதிக்குதையா*
*குடிப்பதற் கென்துரையைக் கூப்பிட வழியிலையே.*

"இலங்கைத்துறையில ஒரு மீன்பிடிகாரன் கடலோட போனவன். அவன்ர பெண்சாதிக்கு என்ன சொல்லுறதெண்டு கேட்டார். உப்பும் வேர்வையும் பிடிச்ச, அவர் இடுப்பில உடுத்த சாரம் கொடியில கிடக்கு, தோய்க்கிறதோ விடுறதோ தெரியேல்ல எண்டு சொன்னன். சொல்லிப்போட்டு நானே அழுதனான். முப்பத்தோராம் நாள் நாங்கள் அங்க போனம். அந்தப் பிள்ளை அதைப் படிச்சு நெஞ்சிலடிச்சு அழுகுது. பக்கத்தில நான் இருக்கிறன்." மக்டலின் கத்தியைக் கீழே வைத்தாள். "எத்தினை பேருக்காக நான் இந்தத் திருவலையில இருந்துகொண்டு தாலி அறுத்தனான் தெரியுமோ, லெஸ்லி? எல்லாம் பொய்க்குத்தானே, மனிசன் முன்னால இருக்கிறார்தானே எண்டு அறுத்தனான். நீ அதை மெய்யாக்கப் பாத்தாய். அதுதான் எனக்குத் தாங்கேல்ல."

ஸெய்னுதீன் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டார். அவ்வளவு காலம் அச்சுக்கோத்த மனிதருக்கும் இது புதுக்கதை. யன்னலுக்கு அந்தப் பக்கம் கதிரை ஒருமுறை கிறீச்சிட்டது.

லெஸ்லி வாசற்படியில் குந்திக் கேட்டான், நிலவையும் கடற்கரையையும் வெட்டிப்போட்டு இந்தக் குசினியை மேடையில் வைக்கட்டோ என்று. என்னத்தையும் வை, ஆனால் அவர் சாகக்கூடாது, வெள்ளை வேட்டியும் கூடாது என்றாள் மக்டலின். சூடைமீன் சொதி வைத்து, கிழங்கை மசித்து அதில் குழைத்துக்கொண்டு போனபோது தம்பிராசா வாயைத் திறந்தார். அவள் அந்தோனியாருக்கு இன்னொரு மெழுகுதிரி நேர்ந்துகொண்டாள்.

நாடகத்தன்று கச்சான்காற்று புழுதியை வாரி அடித்தது. ஸெய்னுதீன் அச்சுக்கூடத்துத் தள்ளுவண்டியில் தம்பிராசாவைக் கதிரையோடு ஏற்றி, காகிதக்கட்டு ஏற்றுவதுபோலக் கயிறும் கட்டி, கோயில் மண்டபத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார். மண்டபம் பொழுதுபட முன்னமே நிறைந்துவிட்டது. துறைமுகத்து ஆட்கள், மூதூர் லோஞ்சில் வந்தவர்கள், கல்வெட்டு வீட்டுக்காரர்கள், பெண்கள் பக்கம் பிள்ளைகுட்டிகளோடு ஒரு பெருங்கூட்டம். தாஹிர் பரியாரியார் வெற்றிலையோடு முன்வரிசையில். கூத்துப் பார்த்துப் பழகின சனம் இது. பாஸ்குவில் யூதாசுக்குக் கீழே இருந்து ஏசும், பேதுருவுக்குப் புத்தி சொல்லும். வாயை மூடிக்கொண்டு நாடகம் பார்க்க அதற்குத் தெரியாது. மற்ற ஆட்கள் எப்ப வருவினம் என்று தொடக்கத்தில் ரெண்டு மூன்றுபேர் கேட்டும் விட்டார்கள்.

லெஸ்லி விட்டுக்கொடுக்கவில்லை. களஞ்சியத்துச் சங்கிலியைத் தோளில் தூக்கினான், இல்லாத சங்கிலி, ஆனால் பாரத்தில் முழங்கால் மடிந்தது. வெள்ளைக்காரத் துரையாக நடந்தான், கல்வெட்டுக் கேட்டு வந்து சாவைச் சொல்லமுடியாமல் விலைவாசியைக் கதைக்கிற தகப்பனாக இருந்தான். வாதம் வந்த இடத்தை அவன் மறைக்கவில்லை. வாயைத் திறந்தான், அந்தக் கன்றுச் சத்தம் வந்தது. மண்டபத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. பெண்கள் பக்கத்து ஓரத்தில் கதிரைக்கு அருகே இருந்த மக்டலின் கணவரின் முகத்தைப் பார்க்கப் பயந்து அவருடைய இடது கையை மட்டும் பிடித்திருந்தாள்.

கடைசியில் குசினி வந்தது. மேடையில் ஒரு திருவலையும் அதற்கு எதிரில் ஒரு பலகையும் மட்டும். லெஸ்லி பலகையில் இருந்து, ஆளில்லாத திருவலையைப் பார்த்து, செத்தவர்களின் கதையைச் சொன்னான். வெந்நீர் வரி வந்தது. தோய்க்காத சாரம் வந்தது. இந்தச் சொல்லெல்லாம் எங்கேயிருந்து வந்ததென்று முதன்முதலாக ஊருக்குத் தெரிந்தது. பிறகு அவன் குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"மக்டலின், நான் போயிட்டா நீ என்ன சொல்லுவாய்?"

அதோடு திரையை விடவேணும் என்பது ஏற்பாடு. உயிரோடு இருக்கிறவருடைய நாடகம் கேள்வியில் நிற்கட்டும் என்று லெஸ்லி யோசித்து வைத்திருந்தான். திரைக்கயிறு ஸெய்னுதீனின் கையில். ஆனால் அவர் கயிற்றை விடமுந்திப் பெண்கள் பக்கத்தில் ஒருத்தி எழும்பிவிட்டாள். இலங்கைத்துறைக்காரி, மீன்பிடிகாரனின் பெண்சாதி.

"அக்கா, அந்தச் சாரத்தின்ர சொல் உங்கட சொல்லோ?" என்று கேட்டாள். "நான் அதைச் சொல்லித்தான் இவ்வளவு நாளும் அழுதனான்."

மக்டலின் ஓம் என்று தலையாட்டினாள். அதற்குள் ஆம்பிளைகள் பக்கத்திலிருந்து குரல்கள் வந்தன, கேள்விக்கு மறுமொழி வரவில்லையே, அக்காதான் சொல்லவேணும் என்று. கூத்துச் சனம் பாருங்கள், விடுமா? மேடையில் லெஸ்லி எழும்பவும் தெரியாமல் இருக்கவும் தெரியாமல் பலகையில் குந்தியிருந்தான்.

மக்டலின் எழும்பினாள். மேடையைப் பார்க்கவில்லை, சனத்தையும் பார்க்கவில்லை. தன் மனிதரைப் பார்த்துச் சொன்னாள்.

"நான் ஒண்டும் சொல்லமாட்டன். என்னட்ட இருந்ததை எல்லாம் மற்றப் பொம்பிளையளுக்குக் குடுத்திட்டன். எனக்கெண்டு ஒரு சொல்லும் மிச்சமில்லை. நீங்கள் வாயை மூடிக்கொண்டு சுவரைப் பாத்துக்கொண்டு இருக்கிறியள், என்னாலயும் எவ்வளவு காலத்துக்குத் தனியக் கதைக்க முடியும்? அதால நான்தான் முதல் போகப்போறன். நீங்கள் இருந்து எனக்குப் பாடுங்கோ."

சொல்லிவிட்டு இருந்துவிட்டாள். சேலைத்தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். பக்கத்துப் பெண்கள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

அவளுடைய கைக்குள் இருந்த கை இறுகியது. அவள் திரும்பினாள். தம்பிராசாவின் முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, கோணிய வாய் திறந்து மூடித் திறந்தது. முதலில் காற்று மட்டும் வந்தது. பிறகு அந்தக் கன்றுச் சத்தம். தாஹிர் பரியாரியார் வெற்றிலையைத் துப்பிவிட்டு எழும்பி நின்றார். தம்பிராசா நிறுத்தவில்லை. எச்சில் வடிய வடிய, தலையை ஆட்டி ஆட்டி, சத்தத்தைப் பிடித்து இழுத்தார்.

"ஏ... ஏலா... ஏலாது."

மண்டபத்தின் கடைசி வரிசைக்கும் கேட்டது. யாருக்கும் விளங்காமல் போகவில்லை.

"என்ன ஏலாது?" என்று கேட்டாள் மக்டலின்.

"நீ... போக... ஏலாது."

ஸெய்னுதீனின் கையிலிருந்த கயிறு தன்பாட்டில் நழுவித் திரை அரைவாசி இறங்கி அந்தரத்தில் நின்றது. அதை ஒருவரும் கவனிக்கவில்லை. லெஸ்லி பலகையில் இருந்தபடியே சின்னப்பிள்ளை மாதிரி அழுதுகொண்டிருந்தான்.

மக்டலின் தன் சேலைத்தலைப்பால் அவருடைய வாயைத் துடைத்துவிட்டாள். "சரி, போகேல்ல," என்றாள். "இன்னும் என்ன சொல்லவேணும்? சொல்லுங்கோ."

தம்பிராசா மூச்சை இழுத்து, அடுத்த சொல்லுக்கு வாயைக் கோணிக் கோணி முயன்றுகொண்டிருந்தார். அது வரச் சுணங்கியது. யூதாசுக்கு ஏசுகிற, பேதுருவுக்குப் புத்தி சொல்லுகிற அந்தச் சனம் ஒரு சத்தமும் போடாமல் காத்திருந்தது. நாடகம் முடிந்துவிட்டதென்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் வீட்டுக்குப் போக ஒருவரும் எழும்பவில்லை.